செல்போனுக்குள் ஒற்றன்

(மாட்டுத்தாவணியில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு தோழர் நிகழ்த்திய பேச்சு)



நாம் கூடியிருக்கிற இந்த இடத்துக்கு மாட்டுத்தாவணி என்று ஏன் பெயர் வந்தது என்பது இங்கேயுள்ள பெரியவர்களுக்குத் தெரியும். பஸ்கள் வந்து நிற்பதற்கு முன்னால் இங்கே மாடுகள் வந்து நின்றன. மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுகிற விதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருவருடைய கையும் ஒரு துண்டுக்குள் இருக்கும். விரலைத் தொட்டும் மடக்கியும் பேரம் நடக்கும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை என்னவென்று மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அதுதான் ஏழை எளியவன் கண்டுபிடித்த ரகசியக் காப்பு.

இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால் அதுவும் துண்டுக்குள்தான் போகிறது. அனுப்புகிறவருடைய போனிலே பூட்டப்பட்டு, பெறுகிறவருடைய போனிலேதான் திறக்கிறது. நடுவழியில் நிற்பவன் பிரித்துப் படிக்க முடியாது. இது உண்மை. ஆனால், உளவு மென்பொருள் நடுவழியில் நிற்பதில்லை. அது துண்டுக்குள்ளேயே மூன்றாவது கையாக நுழைந்துகொள்கிறது. நீங்கள் படிப்பதற்காகப் பூட்டுத் திறந்ததும் உங்களோடு சேர்ந்து அதுவும் படிக்கிறது. நீங்கள் பேசினால் கேட்கிறது. நீங்கள் மேலூர் போனால் அதுவும் கூடவே மேலூர் வருகிறது.

"இதெல்லாம் டில்லியிலே பெரிய மனிதர்களுக்கு வருகிற தொல்லை. நாற்று நடுகிறவளிடத்திலே என்ன ரகசியம் இருக்கிறது?" என்று ஒரு தாயார் போன வாரம் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தப் பெரிய விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

இஸ்ரேல் நாட்டிலே என்.எஸ்.ஓ. என்றொரு கம்பெனி இருக்கிறது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருளை அது விற்கிறது. யாருக்கு விற்கிறாய் என்று கேட்டால், சர்க்கார்களுக்கு மட்டுமே விற்கிறேன் என்கிறது. இந்த பெகாசஸ் போனுக்குள் நுழைவதற்கு நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. போன் சும்மா மேஜைமேல் கிடந்தாலே போதும். 2019 ஏப்ரல், மே மாதங்களில் வாட்ஸ்அப்பின் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுவதும் சுமார் 1,400 பேருடைய போன்களைக் குறிவைத்தார்கள். அவர்களிலே இந்தியர்களும் இருந்தார்கள். ஆதிவாசிகளுக்காக வாதாடிய வழக்கறிஞர்களும் இருந்தார்கள்.

2021 ஜூலை 18 அன்று 17 பத்திரிகை நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பட்டியலைப் பற்றிய செய்திகளை வெளியிட்டன. சுமார் 50,000 எண்கள். அவற்றுள் சரிபார்க்கப்பட்ட இந்திய எண்கள் மட்டும் 300-க்கு மேல். தமிழ்நாட்டிலிருந்து திருமுருகன் காந்தி, சீமான் ஆகியோருடைய எண்களும் அதில் இருந்ததாகச் செய்தி வந்தது. பட்டியலில் எண் இருந்ததாலேயே போனுக்குள் ஒற்றன் புகுந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். நாம் மிகைப்படுத்திப் பேசக் கூடாது.

விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021 அக்டோபர் 27-ல் கோர்ட் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் அதை மேற்பார்வை செய்தார். 29 போன்களைப் பரிசோதித்தார்கள். ஐந்து போன்களில் ஏதோவொரு கெட்ட மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மத்திய சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி திறந்த கோர்ட்டிலேயே குறிப்பிட்டார். வாங்கினாயா, இல்லையா என்ற ஒரே கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. மடியிலே கனமில்லாதவனுக்கு இதற்குப் பதில் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

அமெரிக்காவில் வாட்ஸ்அப் போட்ட வழக்கிலே 2025 மே மாதம் ஜூரிகள் அந்தக் கம்பெனி சுமார் 16 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தார்கள். அக்டோபரில் நீதிபதி அபராதத்தைச் சுமார் 40 லட்சம் டாலராகக் குறைத்துவிட்டார். ஆனால் வாட்ஸ்அப்பை இனிமேல் குறிவைக்கக் கூடாதென்று தடையும் விதித்தார்.

இதைவிட நம் நெஞ்சைச் சுடுகிற சங்கதி ஒன்று உண்டு. பாதிரியார் ஸ்டான் சுவாமி. திருச்சி ஜில்லாவிலே பிறந்தவர். ஜார்க்கண்டிலே ஆதிவாசிகளின் நில உரிமைக்காக உழைத்தவர். பீமா கோரேகான் வழக்கிலே 2020 அக்டோபரில், 83-ஆவது வயதில் கைது செய்யப்பட்டார். நடுக்கவாத நோயினால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றுக்காக மனுப்போட்டவர் அவர். 2021 ஜூலை 5-ல் காவலில் இருந்தபடியே ஆஸ்பத்திரியில் மாண்டார். அவர் இறந்து ஒன்றரை வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், அமெரிக்காவிலுள்ள ஆர்சனல் என்ற பரிசோதனை நிறுவனம் ஓர் அறிக்கை கொடுத்தது. 2014 அக்டோபர் முதல் 2019 ஜூன் வரை அவருடைய கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்திருந்தார்கள். அவருக்குத் தெரியாமலே பத்திரங்களை அதற்குள் வைத்தார்கள் என்பது அறிக்கையின் சாரம். வழக்கு நடத்துகிற என்.ஐ.ஏ. இம்முடிவை ஏற்கவில்லை. ஆனால், தோழர்களே, ஒற்றன் பார்ப்பதோடு நிற்பதில்லை, வைக்கவும் செய்வான் என்பது அந்த அறிக்கையிலிருந்து தெரிகிறதல்லவா?

மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1946-ல் இங்கே சதி வழக்குப் போட்டார்கள். பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா முதலானோர் சிறையிலடைக்கப்பட்டார்கள். வழக்கு நிற்கவில்லை, 1947 ஆகஸ்டு 14-ல், சுதந்திரத்துக்கு முந்தின நாள், வெளியே வந்தார்கள். அந்தக் காலத்தில் பொய்ச் சாட்சிக்கு ஆள் பிடிக்க வேண்டும், அவனுக்குச் சோறு போட வேண்டும், பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். கூண்டிலே ஏறினால் அவன் உளறியும் விடுவான். கம்ப்யூட்டருக்குள் வைத்த பத்திரம் உளறாது.

சரி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். பெகாசஸ் நமக்கு வருமா? 2016-ல் வெளிவந்த விலைப்பட்டியலின்படி பத்துப் போன்களை உளவு பார்க்க ஆறரை லட்சம் டாலர், அதற்கு மேல் அதை நிறுவ ஐந்து லட்சம் டாலர். அவ்வளவு பணத்தை நம் ஒருவருடைய போனுக்காக எவனும் செலவழிக்க மாட்டான். யானை பிடிக்கிற குழியிலே எலி விழுவதில்லை. எலிக்கென்று தனிப் பொறி இருக்கிறது. அது மிகவும் மலிவு, சில சமயம் இலவசம். அந்தப் பொறிகளைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

முதலாவது, கடன் ஆப். ஐயாயிரம் ரூபாய் உடனே தருகிறோம் என்பான். ஆப்பைப் போடும்போது, போனிலுள்ள பெயர்கள், படங்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்பான். அவசரத்திலே நாம் 'சரி' என்று அழுத்திவிடுவோம். தவணை ஒரு நாள் தவறினால் போதும். நம் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மேஸ்திரி, எல்லாருக்கும் போன் பறக்கும். பெண்களுடைய படத்தை ஆபாசமாக ஒட்டி அனுப்புவான். இதனால் உயிரை விட்டவர்கள் உண்டு. 2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களிலே ஹைதராபாத், சென்னைப் போலீசார் சீன நாட்டவர் உள்படப் பலரைக் கைது செய்த பிறகுதான் நாடு விழித்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது: கடன் ஆப்புகள் போனிலுள்ள பெயர்ப் பட்டியல், அழைப்பு விவரம், படங்கள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. ஆகவே எந்தக் கடன் ஆப்பாவது உங்கள் பெயர்ப் பட்டியலைக் கேட்டால், அது விதியை மீறுகிற ஆப் என்று அந்த க்ஷணமே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஏ.பி.கே. பைல். வாட்ஸ்அப்பிலே ஒரு கல்யாணப் பத்திரிகை வரும். அல்லது, உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு அபராதம் என்று வரும். அல்லது, பி.எம். கிசான் பணம் வர இதை அழுத்து என்று வரும். தெரிந்தவருடைய எண்ணிலிருந்தே வரும். ஏனென்றால் அவருடைய போன் முந்தியே பிடிபட்டிருக்கும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்து இருந்தால் அது பத்திரிகையல்ல, படமல்ல. அது ஓர் ஆப். அழுத்தினீர்களானால் அது உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். பாங்கியிலிருந்து வருகிற ஓ.டி.பி. எண் உங்களுக்கு வருவதற்குள் அவனுக்குப் போய்விடும். எந்தப் பாங்கியும், எந்தச் சர்க்கார் இலாகாவும் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. அனுப்பி ஆப் போடச் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு அழைப்பவர் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வீட்டுக்கு வரட்டும். அல்லது படமாக அனுப்பட்டும்.

மூன்றாவது எனக்கே நேர்ந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுதியிலே கூலி பாக்கி சம்பந்தமாக ஒரு மகஜர் தயாரித்தோம். நாற்பது பெயர்கள். வாட்ஸ்அப்பில் இருந்த அந்தப் பட்டியலை அச்செடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக் கம்ப்யூட்டர் திரையிலே கோலம் போட்டதுபோல் ஒரு கட்டம் வந்தது. என் போனை அதற்கு நேரே காட்டினேன். வாட்ஸ்அப் அங்கே திறந்தது. அச்செடுத்தேன், பத்து ரூபாய் கொடுத்தேன், வந்துவிட்டேன். அங்கே திறந்ததை மூட வேண்டுமென்று எனக்குத் தெரியாது. மகஜர் கொடுக்குமுன்பே அதில் இருந்த நாலு பெண்களுக்கு வேலை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். பெயர் எப்படிப் போயிற்று?

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எங்களுக்குள்ளேயே ஒருவரைச் சந்தேகப்பட்டோம். அவருடைய மைத்துனன் காண்டிராக்டரிடம் வண்டி ஓட்டுகிறான், ஆகவே இவர்தான் சொல்லியிருப்பார் என்று முடிவு கட்டினோம். அவர் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டோம். அவரும் வருவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்து என் தங்கை மகன் என் போனை வாங்கிப் பார்த்து, "மாமா, உங்க வாட்ஸ்அப் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர்ல இன்னமும் திறந்திருக்கே?" என்றான். அந்த வழியாகத்தான் பெயர்கள் போயின என்று என்னால் ருசுப்படுத்த முடியாது. கடைக்காரர் மேல் நான் பழி சொல்லவும் இல்லை. ஆனால் மூன்று மாதம் கதவு திறந்து கிடந்தது, திறந்தவன் நான். அந்தத் தோழர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காப்பி கொடுத்தார். "பரவாயில்லை" என்றார். கூட்டத்துக்கு மட்டும் இன்றுவரை வரவில்லை.

போன் கெட்டால் வேறு போன் வாங்கலாம். ஆகவே முதல் சோதனையாக அதையே சொல்கிறேன். வாட்ஸ்அப்பைத் திறந்து, மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்', இங்கிலீஷில் 'லிங்க்டு டிவைசஸ்' என்று ஒன்று வரும். அதற்குள் நீங்கள் அறியாத கம்ப்யூட்டர் பெயர் இருந்தால் அதைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். ஒரு நிமிஷ வேலை. வாரம் ஒரு தடவை பாருங்கள்.

பிறகு போனின் செட்டிங்ஸ். அங்கே 'ஆக்சஸிபிலிட்டி' என்றொரு பகுதி இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக ஏற்படுத்திய நல்ல வசதி அது. ஆனால் திரையைப் படிக்கிற அதிகாரத்தை ஒற்றனுக்குக் கொடுத்தால் என்னாகும்? அதனால்தான் திருட்டு ஆப்புகள் எல்லாம் இந்த அனுமதியைக் கெஞ்சிக் கேட்கின்றன. அங்கே நீங்கள் போடாத பெயர் ஏதாவது 'ஆன்' ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸின் தேடும் இடத்திலே 'டிவைஸ் அட்மின்' என்று தேடுங்கள். போனையே ஆளுகிற அதிகாரம் பெற்ற ஆப்புகள் அதில் தெரியும். தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் கூகுள் வசதி இருக்கலாம், அது குற்றமில்லை. கடன் ஆப்போ, பெயர் தெரியாததோ இருந்தால் அங்கே அதிகாரத்தைப் பிடுங்கிய பிறகுதான் அதை நீக்க முடியும். பல பேர் "அழிக்கிறேன், அழிய மாட்டேனென்கிறது" என்று தவிப்பதற்குக் காரணம் இதுவே.

முகப்பிலே படம் தெரியாமல் ஒளிந்திருக்கிற ஆப்பும் செட்டிங்ஸின் முழு ஆப் பட்டியலில் பெரும்பாலும் அகப்படும். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் 'பிளே புரொடெக்ட்' என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் விழித்திருக்கிறானா என்று பாருங்கள். ஒற்றன் வந்ததும் முதலில் அவனைத்தான் தூங்க வைப்பான். 'அன்நோன் ஆப்' போடும் அனுமதி வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் மூடியிருக்க வேண்டும்.

போன் சுடுகிறது, சார்ஜ் நிற்கவில்லை, டேட்டா சீக்கிரம் தீருகிறது. இவை ஒற்றனின் அடையாளம் என்று பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். சித்திரை வெயிலில் களத்துமேட்டில் வைத்தால் எந்தப் போனும் சுடும். நாலு வருஷப் போனிலே சார்ஜ் நிற்காது. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அது இல்லையென்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். இதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-லும் அதற்கு மேலும், காமிராவோ மைக்கோ வேலை செய்யும்போது திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். நீங்கள் பேசாதபோது அது எரிந்தால், யாரோ கேட்கிறான் என்று விசாரியுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சில வீடுகளிலே புருஷனோ, வேறு ஆளோ போனை வாங்கி ஒற்று ஆப்பைப் போட்டுவிடுகிறான். எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று சொல்லாமலே அவனுக்குத் தெரிகிறது. அடிக்கிற ஆளாக இருந்தால் அவசரப்பட்டு அதை அழிக்காதீர்கள். அழித்த மறு நிமிஷம் அவனுக்குத் தெரிந்துவிடும். வேறொருவருடைய போனிலிருந்து 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசி, துணை சேர்த்துக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

மில்லிலே ஆஜர் போடுவதற்கு ஆப் போடச் சொல்கிறார்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்றார்கள். இவை ஒற்று ஆப்பல்ல. வெளிப்படையாகச் சொல்லிச் செய்வது. ஆனாலும் ஆஜருக்குப் பெயர்ப் பட்டியல் எதற்கு? ராத்திரி வீட்டில் தூங்கும்போது நான் இருக்கும் இடம் நிர்வாகத்துக்கு எதற்கு? அனுமதிகளில் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேள்வி கேட்டால் பலன் உண்டு. 2025 நவம்பர் 28-ல் சஞ்சார் சாத்தி என்ற சர்க்கார் ஆப்பை எல்லாப் புதுப் போனிலும் போட்டே விற்க வேண்டுமென்று உத்தரவு போட்டார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. டிசம்பர் 3-ல் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். திருட்டுப்போன போனை முடக்க அது உபயோகமான ஆப்தான், விரும்புகிறவர் போட்டுக்கொள்ளட்டும்.

அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? ஏ.பி.கே.யை அழுத்திவிட்டீர்கள் என்று தெரிந்த உடனே போனை 'ஏரோபிளேன் மோடில்' போடுங்கள். பக்கத்திலுள்ளவர் போனிலிருந்து பாங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பிறகு 1930-க்குப் பேசுங்கள். பணம் கை மாறிக்கொண்டே போகும்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் மறிக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் சொன்னால் கிடைப்பது கடினம். வந்த செய்தியை அழிக்காதீர்கள், அது அத்தாட்சி. கடைசியில், படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுக்கத் துடைத்து, புதுப் போன்போல் ஆக்குங்கள், அந்த ஏ.பி.கே.யைத் திரும்ப எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ரகசிய எண்களை எல்லாம் மாற்றுங்கள்.

யூனியன் பொறுப்பிலுள்ளவர்கள் மட்டும் யானைக் குழியையும் நினைவில் வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி சீத்தாராம் யெச்சூரி உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் பலருக்கு, சர்க்கார் ஆதரவு பெற்ற ஆட்கள் உங்கள் போனைக் குறிவைத்திருக்கலாம் என்று எச்சரிக்கை அனுப்பியது. எந்தச் சர்க்கார் என்று அது சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஒற்றனைச் செட்டிங்ஸில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நிபுணர்கள்தான் பரிசோதிக்க வேண்டும். நம்மால் ஆனது: போன் கம்பெனி அனுப்புகிற புதுப்பிப்பை அன்றைக்கே போட்டுக்கொள்ள வேண்டும், ஓட்டைகள் அதனால்தான் அடைபடுகின்றன. தினமும் ஒரு தடவை போனை அணைத்துப் போட வேண்டும். இம்மாதிரி ஒற்றர்களில் சிலர் அணைத்தால் வெளியே விழுந்துவிடுகிறார்கள், மறுபடி நுழைய வேண்டியிருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 'லாக்டவுன் மோடு' இருக்கிறது. முக்கியமான பேச்சு என்றால் போன்களையெல்லாம் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். பெயர்ப் பட்டியலைக் காகிதத்தில் எழுதுங்கள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் அந்த டீக்கடைப் பக்கம் மேஜை போட்டு நம் வாலிபர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். வரிசையாக வாருங்கள், இப்போது சொன்ன சோதனைகளைச் செய்து காட்டுவார்கள். போனை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், எங்கே தொட வேண்டுமென்று அவர்கள் சொல்வார்கள். பூட்டு எண்ணை மட்டும் அவர்கள் கேட்டாலும் சொல்லாதீர்கள். நான் கேட்டாலும்தான்.